ஐஸ்கிரீமுக்குக் கணக்குக் கேட்பவர்கள்

"தோட்டத்து ஆட்களிடம் காசு தங்காது."

மலையகத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வாக்கியம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் சொன்னார்கள். அவர்களுக்குப் பின் அதே பங்களாக்களில் குடியேறிய உள்ளூர்த் துரைமாரும் சொன்னார்கள். நகரத்துக் கடைக்காரர், அந்தத் தங்காத காசை எண்ணிக் கல்லாவில் போட்டுக்கொண்டே சொன்னார். இப்போது விடுமுறைக்கு ஊர் பார்க்க வருகின்ற நம்மவர்களும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஊவாப் பக்கம் வந்து திரும்புகின்ற அன்பர்கள் என்னிடம் சொல்லும் குறையின் சாரம் இது: "சம்பளம் வாங்கிய கையோடு பிள்ளை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிடுகிறார்கள். கொத்து ரொட்டி, ஐஸ்கிரீம், கலர் சோடா என்று தின்று தீர்க்கிறார்கள். இப்படி இருந்தால் எப்படி முன்னேறுவார்கள்?"

இதற்கு நாகரிகமாக ஒரு புன்னகை செய்து நகர்ந்துவிடலாம். அப்படிப் பலமுறை நகர்ந்துவிட்டேன். இம்முறை பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குள் அக்கறையைக் காட்டிலும் வேறொன்று அதிகமாக இருக்கிறது.

பசறையை எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர். லுணுகலைக்கும் பிபிலைக்கும் போகின்ற பாதை ஊரின் நடுவே செல்கிறது. நமுனுகுல வழியாக எல்லவுக்கு ஒரு பாதை பிரிகிறது. கோணக்கலை, எல்டெப், மீதும்பிட்டிய, டெமேரியா என்று சுற்றிலும் தோட்டங்கள். வெளியூர்க்காரர் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகின்ற கடைத்தெரு. ஆனால் மேல் டிவிசன் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அதுதான் பட்டணம். பதுளை அதைவிடப் பெரிய பட்டணம். கொழும்பு, தொலைக்காட்சியில் மட்டும் இருக்கின்ற இடம்.

மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறைக் கடைத்தெரு நிறைந்துவிடும். தாய்மார் நல்ல சேலை உடுத்தியிருப்பார்கள். பிள்ளைகள் தீபாவளிக்கு எடுத்த உடுப்பைப் போட்டிருப்பார்கள். அரிசி, மா, பருப்பு, கருவாடு, தேங்காய், மண்ணெண்ணெய், அடகுக்கடை வட்டி, கொப்பி, பென்சில். இவ்வளவும் முடிந்து, பேருந்து வரக் காத்திருக்கின்ற நேரத்தில், தெருவோரத்து வண்டியில் ஒரு கப் ஐஸ்கிரீமோ ஐஸ் பழமோ வாங்கிக் கொடுப்பார்கள். கொஞ்சம் கையில் மிஞ்சினால் ஒரு கொத்து ரொட்டிப் பார்சலை வாங்கி நால்வர் பகிர்ந்துகொள்வார்கள். நம் அன்பர்களின் கண்ணுக்கு அரிசி மூட்டை தெரிவதில்லை. ஐஸ்கிரீம் மட்டும் தெரிகிறது.

இனி எல்லவுக்கு வாருங்கள். பசறையிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போனால் வந்துவிடும். உலகம் முழுவதிலிருந்தும் உல்லாசப் பயணிகள் வந்து குவிகின்ற இடம் அது. தெமோதரைப் பக்கத்தில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறார்கள். பாலத்தருகே இளநீர், தெருவோரத்தில் ரொட்டி, இரவில் தகரத் தட்டில் தாளம் போடுகின்ற கொத்து, வெயிலுக்கு ஐஸ்கிரீம். எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். நம்மவர்களும் அப்படியே செய்கிறார்கள். செய்யட்டும். நகரம் பார்க்கப் போனால் தெருவோரத்தில் நின்று சாப்பிடுவதைப் போல ஓர் இன்பம் உண்டா? அதைக் குறை சொல்ல நான் யார்?

என் கேள்வி வேறு. எல்லவில் நீங்கள் சாப்பிட்டால் அதற்கு 'அனுபவம்' என்று பெயர். பசறையில் கொழுந்து பறிக்கின்ற ஒரு தாய் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் அதற்கு 'ஊதாரித்தனம்' என்று பெயர். பண்டம் ஒன்றுதான், தெருவும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிடுகிறவர் மாறியதும் பெயர் எப்படி மாறியது?

இது நமக்கு மட்டுமுரிய நோயன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மெக்சிக்கோத் தொழிலாளர்கள் வேலைத்தளங்களுக்கு அருகே உணவு வண்டிகளில் வாங்கிச் சாப்பிடுவது நெடுங்காலப் பழக்கம். 2008 ஏப்ரலில் அங்குள்ள கவுண்டி நிர்வாகம், ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கின்ற வண்டிகளைத் தண்டிக்க விதியைக் கடுமையாக்கியது. வண்டிக்காரர்கள் வழக்காடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. அதே ஆண்டின் இறுதியில், கொரிய இறைச்சியை மெக்சிக்கோ ரொட்டியில் சுற்றி விற்கும் 'கொகி' என்ற வண்டி அதே நகரில் ஓடத் தொடங்கியது. வசதியுள்ள இளைஞர்கள் அதைத் தேடிப் போய் வரிசையில் நின்றார்கள். சில ஆண்டுகளுக்குள் உணவு வண்டி என்பது உலக நாகரிகமாகிவிட்டது. கூலியாள் சாப்பிட்டபோது தெருவுக்கு இடைஞ்சல். கனவான்கள் சாப்பிட்டபோது பண்பாடு.

முன்னேற்றம் பற்றிப் பேசுகிறவர்களோடு கணக்கும் பேசிப் பார்க்கலாம்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் நீண்ட இழுபறிக்குப் பின் 1000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவானது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1750 ரூபாவாக உயர்த்துவதாகச் சொன்னது. அதிலும் 200 ரூபா அரசாங்கம் வருகைக்காகத் தருகின்ற ஊக்கப்படி. இருப்பதில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்று பல தோட்டங்களில் கேட்கிறார்கள். அளவு குறைந்தால் அரைப் பேர். அதாவது அரை நாட்சம்பளம். 1750ஐ 20ஆல் வகுத்தால் ஒரு கிலோ கொழுந்துக்கு 87 ரூபா 50 சதம்.

ஒரு கப் ஐஸ்கிரீம் 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். 400 ரூபா. அந்தக் காசுக்கு அந்தத் தாய் பறித்திருக்க வேண்டியது ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து. நாலரைக் கிலோ கொழுந்தைத் தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, உலர்த்தினால் சுமார் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 500 கோப்பைத் தேநீர். ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒருமுறை ஐஸ்கிரீம் சாப்பிடுவதற்கு, உலகம் 500 கோப்பைத் தேநீர் குடித்தாக வேண்டும். அந்த 500 கோப்பைகளில் எத்தனை லண்டன் உணவகங்களில் விற்கப்படுகின்றன, அங்கே ஒரு கோப்பையின் விலை என்ன என்பதை அங்கிருக்கின்ற அன்பர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் அந்த நான்கு கப் ஐஸ்கிரீம்தான் கணக்கை இடிக்கிறது என்று தோன்றுமானால், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த 1750 ரூபாவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போகும். தொழிற்சங்கச் சந்தா போகும். தீபாவளி முற்பணம் தவணை தவணையாகப் பிடிக்கப்படும். தான் பறித்த தேயிலையின் தூளுக்கே சம்பளத்தில் காசு வெட்டுகின்ற தோட்டங்கள் பல. சம்பளச் சீட்டின் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கி இருப்பதை அங்கு போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். 'காசு தங்காது' என்ற வாக்கியத்தின் பொருள் அந்தச் சீட்டில் இருக்கிறது.

இந்தத் தீவில் பனிக்கட்டியும் தேயிலையும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கொழும்பு ஐஸ் கம்பனி 1866இல் தொடங்கியது. இன்றைக்கு 'எலிபன்ட் ஹவுஸ்' என்ற பெயரில் ஐஸ்கிரீமும் குளிர்பானமும் விற்கின்ற நிறுவனத்தின் வேர் அதுதான். மறு ஆண்டு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். அந்தப் பனிக்கட்டி யாருடைய மேசைக்காகச் செய்யப்பட்டது, அந்தத் தேயிலை யாருடைய முதுகில் இறங்கியது என்று விளக்க வேண்டியதில்லை. பனிக்கட்டிக்கும் கொழுந்துக் கூடைக்கும் இடையிலான தூரத்தைக் கடந்து ஒரு கப் ஐஸ்கிரீம் லயத்துப் பிள்ளையின் கைக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வந்து சேர்ந்ததும் கணக்குக் கேட்கிறார்கள்.

தோட்டத்தில் சோறு எப்போதும் தொழிலாளியின் சொந்த விடயமாக இருந்ததில்லை. அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாதபடி 'துண்டு' முறை கட்டிப் போட்டிருந்தது. அது 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, யாரிடம் வாங்குவது என்ற மூன்றையும் மற்றவர்களே தீர்மானித்த ஒரு வாழ்க்கை. அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள், கையில் காசை வைத்துக்கொண்டு, தாம் விரும்பிய வண்டியின் முன்னால் நின்று, தாம் விரும்பிய நிறத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குகிறார்கள். இதன் பெருமை நமக்குப் புரியவில்லையென்றால், நாம் அந்தச் சரித்திரத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

1973ஐயும் 1974ஐயும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. பட்டினியால் மக்கள் இறந்தார்கள். 1974இல் தோட்டப்பகுதியின் இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் பயங்கரமாக உயர்ந்தது. லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நகரங்களுக்கு இறங்கிக் கையேந்தினார்கள். அந்த நாட்களில் தோட்டத்துச் சனம் டவுனுக்கு வந்ததும் இதே கடைத்தெருக்களுக்குத்தான். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று காசு கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதில் நம் அன்பர்கள் காண்பது சீரழிவை. நான் காண்பது வேறொன்றை.

மறுதரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது பத்திரிகைக்காரனுக்கு அழகன்று. தோட்டப் பிள்ளைகளின் போசாக்கு மோசமாக இருக்கிறது. சீனியிலும் எண்ணெயிலும் காசைக் கரைப்பதா என்கிறார்கள். போசாக்கு மோசமாகத்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 17 சதவீதம். இந்த எண்ணைப் படித்துவிட்டுத் தூங்க முடிகின்றவர்கள் பாக்கியசாலிகள்.

ஆனால் பிள்ளையின் உயரத்தைக் குறைத்தது எது? மாதத்துக்கு ஒரு கப் ஐஸ்கிரீமா? காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானம் ரொட்டியும் சம்பலும், பால் இல்லாத தேநீர், முட்டையைக் கண்ணில் காணாத வாரங்கள். தாய் கர்ப்பிணியாக இருந்தபோதே மலை ஏறி இறங்கியது. பிறந்த பின் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடியது. மாட்டை வளர்த்துப் பாலைக் கறந்து, அதைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் சாயம் குடிக்கின்ற குடும்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாலின் அருமை தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓர் ஆண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. நாட்சம்பளம் அந்த ஆண்டு முழுவதும் 1000 ரூபாவிலேயே நின்றது. போசாக்கு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்த ஆண்டில் கூச்சல் போட்டிருக்க வேண்டும்.

ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல், வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'விகன் துறைக்கான பாதை' என்ற நூலில் இந்த விவாதத்தை நேராகவே எதிர்கொண்டார். வேலையில்லாத குடும்பங்கள் சத்துள்ள மலிவான உணவை விட்டுவிட்டு ருசியான சில்லறைப் பண்டங்களில் காசைச் செலவிடுகின்றன என்று கனவான்கள் குறைபட்ட காலம் அது. சலிப்பும் துன்பமும் மிகுந்த வாழ்க்கையில் மனிதன் தேடுவது சத்தை அல்ல, கொஞ்சம் ருசியைத்தான் என்று அவர் விளக்கினார். அங்கும் பட்டியலில் ஐஸ்கிரீம் இருந்தது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்தும் அதே குற்றச்சாட்டு, அதே பண்டத்தின் மீது!

சாராயத்தை இத்துடன் சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 'குடியும் தீனியும்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். சாராயம் மலையகத்தின் புண். அதைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுதினாலும் தகும். ஆனால் சாராயம் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு தகப்பனை வீட்டிலிருந்து பிரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் அந்தத் தகப்பனைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறவர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தவராக இருக்க முடியாது.

டவுனுக்குப் போக முடியாத நாட்களில் டவுன் தோட்டத்துக்கு வருகிறது. முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, பீதோவனின் 'எலிசாவுக்கு' இசையை ஒலிக்கவிட்டுக்கொண்டு வருகின்ற சூன் பாண் வண்டியைச் சொல்கிறேன். பாண், மீன் பணிஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ். ஜெர்மானியர் ஒருவர் 1810இல் எழுதிய இசையைக் கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் சில்லறையோடு ஓடி வருவார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமற் போய், முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டபோது பல பாதைகளில் அந்த இசை நின்றது. பின்னர் மெல்ல மெல்லத் திரும்பியது. நியூயோர்க்கில் இருந்தால் இந்த வண்டியைப் பற்றிப் பத்திரிகைகள் சிறப்பிதழ் போட்டிருக்கும். நம்மூரில் இதுவும் 'வெட்டிச் செலவு'ப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல் தமிழ்ச்சொல். அதை வேறு மொழிக்காரர் நமக்குக் கற்றுத் தரவில்லை. அச்சொல்லை வாயால் சொல்வதை இப்போது பலரும் நிறுத்திவிட்டார்கள், நல்லது. ஆனால் 'அவர்களுக்குச் செலவழிக்கத் தெரியாது' என்று சொல்லும்போது அதே சொல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

உதவி செய்கிறவர்களிடம் இந்த மனப்பான்மை இன்னும் கூடுதலாகத் தலைகாட்டுகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் எங்கும் மலைகள் சரிந்தன. இரு முறையும் உலகெங்குமுள்ள தமிழர்கள் கைகொடுத்தார்கள். அதை யாரும் மறக்கவில்லை. ஆனால் ஒரு மூட்டை அரிசி கொடுத்தவருக்கு, வாங்கியவரின் வாயை ஆயுள் முழுவதும் கண்காணிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

உண்மையான அக்கறை இருந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. மலையகத்துச் சிறு நகரங்களில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கைக்குழந்தையோடு அலைகின்ற பெண்களுக்கு நல்ல கழிப்பறை வேண்டும். உட்கார ஒரு நிழல் வேண்டும். மேல் டிவிசன்களுக்கு மாலையில் நம்பி ஏறக்கூடிய பேருந்து வேண்டும். 2021 மார்ச்சில் பசறை, லுணுகலைப் பாதையின் 13ஆம் கட்டையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து பலர் மாண்டது நேற்று நடந்தது போல இருக்கிறது. தெருவோர வண்டிகளைச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். உல்லாசப் பயணிக்குக் கிடைக்கின்ற அதே சுத்தம் தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் நாளும் ஒரு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் வேண்டும். அரைப் பேர் போடுவது ஒழிய வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கையிலெடுத்து, எழுத வேண்டியவர்களுக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊவாவுக்கு வருகின்ற அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லவில் தங்குங்கள், பாலத்தைப் பாருங்கள், தெருவோரத்தில் ஆசை தீரச் சாப்பிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையைச் சுற்றிக்கொண்டு பசறைக்கும் வாருங்கள். சம்பள ஞாயிறாக இருந்தால் இன்னும் நல்லது. ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால் கூட்டமாக இருக்கும். முண்டியடிக்காமல் வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கின்ற அம்மாவிடம் கணக்குக் கேட்காதீர்கள். அந்த வரிசையில் நிற்கின்ற காசுகளில் அவருடையதைவிடக் கடினமாகச் சம்பாதித்த காசு வேறெதுவும் இல்லை.